நியூ ஜெர்சியில் இறங்கினால் என்ன?

2012 செப்டம்பர் 29 அன்று பிபிசியில் ஒளிபரப்பான 'டாக்டர் ஹூ' அத்தியாயத்தில், காலப்பயணியான டாக்டரின் நெருங்கிய தோழர்களான ஏமியும் ரோரியும் 1938ஆம் ஆண்டின் நியூயார்க்கில் சிக்கிக்கொள்கிறார்கள். அந்த ஊரில் அந்தக் காலத்தில் கால முரண்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டன. கால இயந்திரமான டார்டிஸ் இன்னொரு முறை அங்கே போய் இறங்கினால் நகரமே சிதறிவிடும் என்கிறார் டாக்டர். ஆகவே இனி அவர்களைப் பார்க்கவே முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்ட ரசிகர்கள் கையோடு ஒரு கேள்வி கேட்டார்கள். ஹட்சன் ஆற்றுக்கு அக்கரையில்தானே நியூ ஜெர்சி இருக்கிறது? அங்கே இறங்கி நியூயார்க்குக்கு ரயில் பிடித்தால் என்ன? அதுவும் ஆகாதென்றால், ஒரு கடிதம் போட்டு இருவரையும் வேறு ஊருக்கு வரச் சொல்லலாமே?

அதே அத்தியாயத்தில் இன்னொன்றும் நடக்கிறது. சுதந்திர தேவி சிலை 'அழும் தேவதை'களில் ஒன்றாக மாறி நகருக்குள் நடந்து வருகிறது. அழும் தேவதைகளுக்கு 2007இல் 'பிளிங்க்' அத்தியாயம் வகுத்த விதி எளிமையானது: யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவை அசைவற்ற கல், பார்ப்பவர் கண் இமைத்தால்தான் நகரும். துறைமுகத்தின் நடுவே நிற்கும் அவ்வளவு பெரிய சிலை மன்ஹாட்டன்வரை வந்து சேரும்வரை, இரவிலும் தூங்காத அந்த ஊரில் ஓர் ஆள்கூடவா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை? இரண்டு அத்தியாயங்களையும் எழுதியவர் ஸ்டீவன் மொஃபட்தான்.

இரண்டு கேள்விகளையும் எழுப்பியது ஒரே ரசிகர் கூட்டம். ஆனால் இரண்டும் ஒரே தரம் அல்ல. நியூ ஜெர்சி விஷயத்தில் கதை ஒரு வழியை அடைக்காமல் விட்டுவிட்டது. சிலை விஷயத்தில் கதை தானே போட்ட விதியைத் தானே மீறியது.

ரசிகர்களின் பேச்சில் இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்: லாஜிக் ஓட்டை. காலப்பயணத் தொடர்களைப் பற்றி அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் வாதங்களைச் சேர்த்துவைத்துப் பார்த்தால், விளக்காமல் விட்டதும், நம்பக் கடினமானதும், முன்னுக்குப் பின் முரணானதும் இந்த ஒரே பெயரில் அடைபடுவதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம் என்று தெரிகிறது. காலப்பயணமே நடக்காத காரியம். அதை ஒப்புக்கொண்டுதான் பார்வையாளர் தொடருக்கு முன்னால் உட்காருகிறார். அதன்பிறகு அவர் கதையிடம் கேட்க உரிமையுள்ள கேள்வி ஒன்றே: எந்த விதியை நம்பச் சொன்னாயோ, அதற்கு நீ கட்டுப்பட்டாயா?

இப்படி ஓட்டை தேடும் துருவல் தொலைக்காட்சிக்கு முந்தையது. ஆப்கன் போரில் டாக்டர் வாட்சனுக்குப் பட்ட குண்டு, ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலில் தோளில் இருக்கிறது. இரண்டாவது நாவலில் காலுக்கு இறங்கிவிடுகிறது. கானன் டாயில் மறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் 1911இல் ரொனால்ட் நாக்ஸ் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கட்டுரை வாசித்தார். வேத நூல்களை ஆராய்பவர்களின் முறையிலேயே ஹோம்ஸ் கதைகளின் முரண்களை ஆராய்ந்த கட்டுரை அது. அதன் பின்னால் ஒரு மரபே கிளம்பியது. எழுத்தாளரின் மறதி என்று சொல்லித் தப்பக் கூடாது, கதைக்குள்ளேயே காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அந்த ஆட்டத்தின் விதி. 1960களில் மார்வெல் காமிக்ஸின் ஸ்டான் லீ இதற்குப் பரிசே வைத்தார். பிழையைக் கண்டுபிடித்தவர்களுக்கும், பின்னாளில் அது ஏன் பிழையே அல்ல என்று சாமர்த்தியமாக விளக்கியவர்களுக்கும் காலி உறை ஒன்று தபாலில் வரும். பரிசு இல்லாத பரிசு. 1993இல் ஃபில் ஃபாராண்ட், 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' அத்தியாயங்களின் முரண்களை வரிசைப்படுத்திப் புத்தகமாகவே போட்டார்.

தொலைக்காட்சித் தொடரில் ஓட்டை விழுவதற்கான காரணம் பெரும்பாலும் சோம்பலோ அலட்சியமோ அல்ல. வேலை நடக்கும் விதமே அப்படி. 'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று தொடங்கியபோது, ஓர் அத்தியாயத்தை மக்கள் ஒருமுறை பார்ப்பார்கள், அத்தோடு அது போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிபிசி பழைய நாடாக்களை அழித்து அவற்றின்மேல் வேறு நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்தது. அப்படி அழிந்த அறுபதுகளின் அத்தியாயங்கள் பலவற்றுக்கு இன்று ஒலி மட்டுமே மிஞ்சியிருக்கிறது. எழுதியவர்கள் பலர், தயாரிப்பாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அட்லாண்டிஸ் நகரம் எப்படி அழிந்தது என்பதற்கு 1967க்கும் 1972க்கும் இடையில் அந்தத் தொடர் மூன்று வெவ்வேறு காரணங்கள் சொன்னது. 1983இல் முதல் 'டாக்டர் ஹூ' வீடியோ கேசட் கடைக்கு வந்தது. நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி பார்க்கும் வசதி கைக்கு வந்ததும் துருவலும் வேறு தரத்துக்குப் போனது.

அந்த 1983இலேயேதான் 'டாக்டர் ஹூ' வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற தகராறும் முற்றியது. யூனிட் என்ற ராணுவப் பிரிவின் கதைகள் எந்த ஆண்டில் நடக்கின்றன? எழுபதுகளின் தொடக்கத்தில் அவை ஒளிபரப்பானபோது, சில ஆண்டுகள் தள்ளிய எதிர்காலத்தில் நடப்பதாகவே தயாரிப்புக் குழு எண்ணியிருந்தது. 1975இல் வந்த 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' கதையில் டாக்டரின் தோழி சாரா ஜேன், தான் 1980லிருந்து வந்தவள் என்று தெளிவாகச் சொல்கிறாள். அதுவரை சிக்கல் இல்லை. 1983இல் வந்த 'மாட்ரின் அண்டெட்' கதையில் யூனிட்டின் தலைவர் பிரிகேடியர் 1976லேயே ஓய்வு பெற்றுவிட்டார். 1977இல், எலிசபெத் அரசியின் வெள்ளி விழா நடக்கும் சமயத்தில், அவர் பள்ளிக்கூட வாத்தியார். அப்படியென்றால் அதே பிரிகேடியரின்கீழ் சாரா ஜேன் எந்த 1980இல் டாக்டரோடு சுற்றினாள்?

இது அசலான ஓட்டை. எந்தப் பக்கம் இழுத்தாலும் இன்னொரு பக்கம் கிழியும். எழுபதுகள்தான் என்று ஒரு கட்சி, எண்பதுகள்தான் என்று எதிர்க்கட்சி. தொடரின் மொத்தக் காலவரிசையையும் தொகுத்துப் புத்தகமாக்கிய லான்ஸ் பார்கின் போன்றவர்களுக்கு இந்த ஒரு முடிச்சே தனி வேலையாக அமைந்தது. 2008இல் தொடர் இதற்கு மரியாதையான பதில் ஒன்றைச் சொன்னது. யூனிட்டில் தான் வேலை பார்த்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று டாக்டருக்கே சந்தேகம் வருகிறது. ஒரே வரிதான். ரசிகர்களின் வாதத்தைக் கேட்டோம், உங்களைப் போலவே எங்களுக்கும் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். கணக்கை மறைக்காமல் ஒப்புக்கொண்ட அந்த வரிக்கு எந்தப் பெரிய விளக்கமும் ஈடாகாது.

எல்லா ஓட்டைகளும் இப்படி முடிவதில்லை. சில, புதுக் கதைக்கு விதையாகிவிடுகின்றன. டாக்டரின் இனமான கால அரசர்கள் சாகும் நிலையில் புது உடலுக்கு உருமாறுவார்கள்; ஒருவர் பன்னிரண்டு முறைதான் அப்படி உருமாற முடியும் என்று 1976இல் ராபர்ட் ஹோம்ஸ் எழுதிய கதையில் ஒரு வரம்பு வைக்கப்பட்டது. பன்னிரண்டு என்பது அன்றைக்கு எட்டாத தூரம். திரையில் இருந்ததோ நான்காவது டாக்டர். முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து அந்த வரம்பு வாசலுக்கு வந்து நின்றது. 2013 நவம்பரில் ஜான் ஹர்ட் நடித்த, எண்ணிக்கையில் வராத ஒரு டாக்டர் முழுதாக அறிமுகமாக, 2008இல் உருவம் மாறாமலே டாக்டர் செலவழித்த ஓர் உருமாற்றமும் சேர்ந்து, கணக்கு முடிந்துபோனது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அத்தியாயம் முழுவதும் சாகப்போகும் டாக்டரின் கதைதான். கடைசியில் கால அரசர்கள் அவருக்குப் புதிய சுற்று ஒன்றை வழங்குகிறார்கள். விதியை மறந்ததுபோல் நடிக்காமல், விதி இருக்கிறது, அதைத் தாண்ட இன்ன விலை கொடுக்க வேண்டும் என்று காட்டியதால் அது எடுபட்டது.

'ஸ்டார் ட்ரெக்' உலகில் கிளிங்கான்கள் என்ற வேற்றுக்கிரக இனத்தாரின் நெற்றிக்கு நேர்ந்ததைப் பார்த்தால் இதன் மறுபக்கம் புரியும். அறுபதுகளில் ஒப்பனைக்குக் காசில்லை. கிளிங்கான்களுக்குச் சாதாரண மனித நெற்றிதான். 1979 திரைப்படத்திலிருந்து அவர்களுக்கு மேடு பள்ளமான நெற்றி வந்தது. 1996இல் 'டீப் ஸ்பேஸ் நைன்' குழு காலத்தில் பின்னோக்கிப் போய் அந்தப் பழைய கிளிங்கான்களுக்கு நடுவே உட்காரும்போது, எல்லோரும் தங்கள் குழுவின் கிளிங்கானான வோர்ஃபைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அதைப் பற்றி வெளியாரிடம் பேசுவதில்லை என்று அவர் முடித்துவிடுகிறார். அங்கேயே விட்டிருக்கலாம். 2005இல் 'என்டர்பிரைஸ்' தொடர் இரண்டு அத்தியாயங்கள் செலவழித்து, மரபணு மாற்றத்தில் பிறந்த ஒரு வைரஸ்தான் காரணம் என்று விளக்கியது. முரண் தீர்ந்தது என்னவோ உண்மை. ஆனால் வோர்ஃபின் ஒரு வாக்கியத்தில் இருந்த கம்பீரம், இரண்டு அத்தியாய விளக்கத்தில் இல்லை.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் நினைவுப் பிசகுகள். காலப்பயணத்துக்கே உரிய சிக்கல்கள் வேறு. கடந்த காலத்தை மாற்ற முடியுமா, முடியாதா? இதற்கு ஒரு தொடர் என்ன பதில் சொல்கிறது என்பதைப் பொறுத்தே எது ஓட்டை, எது ஓட்டையில்லை என்பது தீர்மானமாகும்.

மாற்ற முடியாது என்று வைத்துக்கொண்டால் முதல் கேள்வி தயாராக நிற்கிறது. போனவன் தன் தாத்தாவையே சுட்டுவிட்டால்? தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் 1976இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைப் பொறுமையாக எடுத்துப் பிரித்தார். துப்பாக்கி இருக்கிறது, குறி பார்க்கத் தெரியும், தாத்தா எதிரில் நிற்கிறார். சுட அவனால் முடியும். ஆனாலும் சுட்டிருக்க மாட்டான், ஏனென்றால் தாத்தா பிழைத்தது நடந்து முடிந்த செய்தி. கால் வழுக்கியிருக்கும், மனம் மாறியிருக்கும், ஏதோ ஒரு சாதாரணக் காரணம். இயற்பியலில் இகோர் நோவிகோவும் இதே திசையில்தான் போனார்: காலச் சுழலுக்குள் முரணில்லாத நிகழ்வுகளே நடக்க முடியும் என்பது அவர் பெயரால் வழங்கும் கோட்பாடு.

'லாஸ்ட்' தொடரின் ஐந்தாம் சீசன் 2009இல் இந்த விதியைத்தான் எடுத்துக்கொண்டது. அதில் வரும் ஒரு திசைகாட்டி, ரசிகர்களை இன்றுவரை விடவில்லை. 2007இல் ரிச்சர்ட் என்ற பாத்திரம் அதை லாக் என்ற இன்னொருவரிடம் கொடுக்கிறார். லாக் காலத்தில் தூக்கி எறியப்பட்டு 1954இல் அதே திசைகாட்டியை இளைய ரிச்சர்டிடம் ஒப்படைக்கிறார். ரிச்சர்ட் அதை 53 ஆண்டுகள் வைத்திருந்து மறுபடி லாக்கிடம் கொடுக்கிறார். செய்தவர் யார்? யாருமில்லை. பலர் இதைத்தான் ஓட்டை என்கிறார்கள். விசித்திரம்தான், ஆனால் முரண் அல்ல. கூர்மையான ரசிகர்கள் வேறு இடத்தில் விரலை வைத்தார்கள்: தேய்மானம். 53 ஆண்டுகளில் பித்தளை கறுக்கும், கீறல் விழும், ஊசியின் முனை மழுங்கும். 2007இல் கைமாறும்போது இருந்த நிலையிலேயேதான் அது 1954க்குப் போய்ச் சேர்கிறது. அப்படியானால் 1954இல் அதன்மேல் இருந்த கீறல்கள், 2007இலும் அதே எண்ணிக்கையில், அதே இடத்தில் இருந்தாக வேண்டும், ஒன்றுகூடக் கூடாது. லோசெவும் நோவிகோவும் 1992இல் இப்படிப்பட்ட பொருள்களுக்கு 'ஜின்' என்று பெயர் வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். சுழலுக்குள் தேய்ந்ததை வெளியிலிருந்து வரும் ஆற்றல் பழைய நிலைக்கு மீட்டாக வேண்டும் என்பது அவர்கள் கண்ட வழி. ரிச்சர்ட் அதைத் துடைத்து மெருகேற்றி வைத்திருந்தார் என்று ரசிகர்கள் சொல்லும் சமாதானம், அந்த இயற்பியலின் எளிய வடிவம்தான்.

மாற்ற முடியும் என்ற கட்சியில் '12 மங்கீஸ்' தொடர் நேர்மையாகத் தொடங்கியது. 2015இல் வந்த முதல் அத்தியாயத்தில் கோல், காஸியின் கைக்கடிகாரத்தைக் கீறிக் காட்டுகிறான். எதிர்காலத்திலிருந்து அவன் கொண்டுவந்த அதே கடிகாரத்தின்மேல் அவள் கண் முன்னாலேயே கீறல் தோன்றுகிறது. பக்கம் பக்கமாகப் பேச வேண்டிய விதியை ஒரு கீறலில் சொல்லியாயிற்று. ஆனால் உடனே கேள்வி வருகிறது: கடிகாரம் மாறுகிறதென்றால், எதிர்காலத்திலிருந்து வந்த கோலின் நினைவு ஏன் மாறவில்லை? பயணம் செய்பவருக்கு விலக்கு உண்டு என்பதே இவ்வகைத் தொடர்கள் எல்லாமே கேட்கும் சலுகை. அதைத் தராவிட்டால் கதையே நகராது. சலுகையை முதலிலேயே கேட்டு வாங்கிவிட்டால் அது விதி. நடுவில் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டால்தான் ஓட்டை.

எழுதியவர்களையே கேட்டால் தீராதா என்று தோன்றலாம். தீராது. 2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' திரைப்படத்தின் முடிவில் முதியவராக வந்து அமரும் ஸ்டீவ் ரோஜர்ஸ் இத்தனை காலம் எங்கே வாழ்ந்தார் என்பதற்கு, திரைக்கதை ஆசிரியர்கள் ஒரு பதிலும் இயக்குநர்கள் வேறு பதிலும் சொன்னார்கள். பேட்டியில் சொல்வது பேட்டி. திரையில் இருப்பதுதான் சாட்சி.

இந்த எல்லாக் கேள்விகளும் ஒன்றாக வந்து சேரும் இடம் ஜெர்மனியின் 'டார்க்'. பாரன் போ ஓடாரும் யான்ட்யே ஃப்ரீஸேவும் உருவாக்கிய இத்தொடர் நெட்ஃபிளிக்ஸில் 2017 டிசம்பர் 1 அன்று தொடங்கி, மூன்று சீசன்களில் 26 அத்தியாயங்களோடு, 2020 ஜூன் 27 அன்று முடிந்தது; கதையில் உலகம் அழியும் தேதியும் அதேதான். விண்டன் என்ற கற்பனை ஊரில் 2019இல் காணாமல்போகும் மிக்கெல் என்ற சிறுவன் 1986க்குப் போய், அங்கேயே வளர்ந்து, யோனாஸின் அப்பாவாகிறான். யோனாஸ் காதலிக்கும் மார்த்தா, மிக்கெலின் அக்கா. தன் காதலி தனக்கு அத்தை என்பது யோனாஸுக்குத் தெரியவரும் இடத்திலேயே தொடரின் விதியும் தெரிந்துவிடுகிறது: எல்லாம் ஏற்கெனவே நடந்தது, மறுபடி நடக்கும்.

பார்த்தவர்களில் பெரும்பாலோர் முதலில் பிடித்துக்கொள்வது ஷார்லோட், எலிசபெத் விவகாரம். ஷார்லோட்டின் மகள் எலிசபெத். எலிசபெத்தின் மகள் ஷார்லோட். ஒருவருக்கொருவர் தாய். மரபணு என்ன ஆகும் என்று கேட்டு, இது சாத்தியமே இல்லை என்று தள்ளிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுத்துக் கணக்குப் போட்டால் விடை அப்படி வராது. செல்லின் உட்கருவில் உள்ள மரபணுக்களில் பாதி தாய் வழி, பாதி தந்தை வழி. ஷார்லோட்டின் தந்தை நோவா, எலிசபெத்தின் தந்தை பீட்டர். இருவரும் இந்தத் தாய் மகள் வட்டத்துக்கு வெளியிலிருந்து வருபவர்கள். பீட்டர் தந்தது எலிசபெத் வழியாக ஷார்லோட்டுக்கும், நோவா தந்தது ஷார்லோட் வழியாக எலிசபெத்துக்கும் போனால் கணக்கு நேராகிவிடுகிறது. சிக்குவது மைட்டோகாண்ட்ரியா மட்டும்தான். அதன் டிஎன்ஏ தாயிடமிருந்தே வரும். சுமார் 16,500 எழுத்துகள் கொண்ட அந்தச் சங்கிலி, இருவருக்கிடையில் மட்டுமே சுற்றிக்கொண்டிருக்கும். எந்தப் பாட்டியும் அதைத் தந்ததில்லை. 'லாஸ்ட்' திசைகாட்டிக்கு இருந்த தேய்மானச் சிக்கல்கூட இதற்குக் கிடையாது, ஏனென்றால் உயிர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். தொடர் வகுத்த விதிக்குள் இது ஓட்டையே அல்ல.

மூன்றாம் சீசனில் விதி இன்னும் இறுக்கமாகிறது. சாக நினைக்கும் யோனாஸ் துப்பாக்கியின் விசையை அழுத்துகிறான்; வெடிக்கவில்லை. அவனுடைய முதிய வடிவமான ஆடம் ஏற்கெனவே இருப்பதால் அவன் சாகவே முடியாது. லூயிஸின் கட்டுரையைத் திரையில் நடித்துக் காட்டியதுபோல் இருக்கும் இந்த விதியைச் சொல்லும் அதே சீசனில், வேறோர் உலகத்தில் மார்த்தாவின் கையால் யோனாஸ் சுடப்பட்டுச் செத்துப்போகிறான். தொடரே தன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டதோ என்று நினைக்கும்போது, யோனாஸ் இருவர் என்று தெரியவருகிறது. அழிவு நாளில் மார்த்தா வந்து அழைத்துப்போன யோனாஸ் ஒருவன். அவள் வராததால் வீட்டுக்குள் தங்கிப் பிழைத்து ஆடமாக மாறியவன் இன்னொருவன். உலகம் அழியும் கணத்தில் காலம் ஒரு நொடிக்கும் குறைவாக நின்றுவிடுகிறது, அப்போது காரணத்துக்கும் விளைவுக்கும் உள்ள பிடி விடுபடுகிறது, அந்த இடுக்கில்தான் பாதை இரண்டாகப் பிரிந்தது என்று கிளாவ்டியா என்ற பாத்திரம் கடைசி அத்தியாயத்தில் விளக்குகிறாள்.

இங்கேதான் 'டார்க்' உண்மையில் இடிக்கிறது. அந்த இடுக்கு நம்ப முடியாதது என்பதால் அல்ல; இரண்டு சீசன் முழுக்க எதையும் மாற்ற முடியாது என்று சொல்லிப் பார்வையாளரை மூச்சுமுட்ட வைத்துவிட்டு, மாற்ற ஒரு வாசல் உண்டு என்பதைத் தேவைப்படும் நேரத்தில் அவிழ்த்ததால். '12 மங்கீஸ்' முதல் அத்தியாயத்திலேயே கீறிக் காட்டியதை, 'டார்க்' 26ஆவது அத்தியாயத்தில் வாயால் சொல்கிறது. இரண்டாம் சீசனில் இதற்கு ஒரு சின்னச் சாடை இருந்திருந்தால் போதும்.

சொல்லாமல் விடுவதில் இருக்கும் நயம் இத்தொடருக்குத் தெரியாததல்ல. போலீஸ்காரர் வோல்லரின் ஒரு கண்ணுக்கு என்ன ஆயிற்று என்பது மூன்று சீசன்களாகத் தொங்கும் கேள்வி. கடைசிக் காட்சியில் சாப்பாட்டு மேஜையில் அவர் அதைச் சொல்லத் தொடங்கும் நேரத்தில் பேச்சு தடைப்படுகிறது. ரசிகர்கள் இதை ஓட்டையாக எண்ணவில்லை. ரசித்தார்கள், ஏனென்றால் கதையின் கணக்கு அந்தக் கண்ணை நம்பி நிற்கவில்லை.

கடைசி வாதம் முடிவைப் பற்றியது. கடிகாரக்காரர் டான்ஹவுஸ், விபத்தில் இறந்த குடும்பத்தை மீட்க 1986இல் ஓர் இயந்திரத்தை இயக்க, அவருடைய மூல உலகம் பிளந்து யோனாஸின் உலகமும் மார்த்தாவின் உலகமும் உண்டாயின. யோனாஸும் மார்த்தாவும் மூல உலகத்துக்குப் போய் அந்தக் கார் விபத்தைத் தடுத்துவிட்டு, காற்றில் கரைந்துபோகிறார்கள். விபத்து நடக்கவில்லையென்றால் இயந்திரம் இல்லை, இயந்திரம் இல்லையென்றால் யோனாஸ் இல்லை, பிறகு தடுத்தது யார்? தாத்தா முரணேதான் இது. ஆனால் எதுவும் மாறாது என்ற விதி, பிளவில் பிறந்த இரண்டு உலகங்களுக்குச் சொல்லப்பட்டது. மூல உலகத்துக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஆகவே முடிவைக் குறை சொல்பவர்கள் தவறான இடத்தில் தட்டுகிறார்கள். தட்ட வேண்டிய கதவு சற்றுத் தள்ளி இருக்கிறது. 1986இல் இயந்திரம் இயங்கிய கணத்தைப் பிடித்துக் குகைக்குள் நுழையும் இருவரும், பதினைந்து ஆண்டுகள் முன்னால், 1971இல், சரியாக விபத்து நடக்கவிருக்கும் இரவில் வெளியே வருகிறார்கள். அந்த இரவுக்குப் பாதை ஏன் திறந்தது? டான்ஹவுஸ் போக விரும்பிய இரவு அதுதான், இயந்திரம் அதற்காகவே கட்டப்பட்டது என்று ரசிகர்கள் தரும் விளக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. கதைக்குள் யாரும் அதைத் தெளிவாகச் சொல்வதில்லை. ஒரு வாக்கியம் போதும். 26 அத்தியாயங்களில் அதற்கு இடம் இருந்தது.